கணுக்கால் தீர்மானம்

சேக்காட்டில் அந்தக் குறுக்குத் தெருவுக்கு இருபத்தாறு வீடுகள். குப்பைத் தொட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் அங்கே இருபத்தேழு பதில் வரும். தெருவிளக்கு மஞ்சளா வெள்ளையா என்ற விவாதத்தில் நிச்சயம் வரை போன ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது. ஆனால் வெளியாள் யாராவது வந்து, "உங்க தெருவுல மழைத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டுவிட்டால் போதும். தொட்டில் குழந்தையிலிருந்து தொண்ணூறு வயதுக் கிழவர் வரைக்கும் ஒரே சுருதியில் சொல்வார்கள்: "ரோட்டுல கணுக்கால் அளவுக்கு வரும். ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிடும்."

இதற்குத் தெருவுக்குள் கணுக்கால் தீர்மானம் என்று பெயர். இயற்றியவர் நலச்சங்கச் செயலாளர் உலகநாதன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது சுவருக்குச் சுவர் காப்பிக் கலரில் ஒரு கோடு விழுந்திருந்தது. கோட்டைப் பார்த்த வாடகைக்காரர்கள் சாமான் கட்டினார்கள். மனை பார்க்க வந்தவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்காமலே திரும்பினார்கள். உலகநாதன் தன் மொட்டைமாடியில் கூட்டம் போட்டார். "தண்ணி போய்டிச்சி. கோடு மட்டும்தான் குந்திகினு கீது. அதையும் அனுப்பிச்சிட்டோம்னா நம்ம தெருவுக்கு இன்னா குறை?" என்றார். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பெயிண்ட் அவரே பிடித்துக்கொண்டு வந்தார். பச்சை. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பருத்திப்பட்டு வரைக்கும் உள்ள மாடுகள் எல்லாம் வந்து சுவரை நக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின. பொங்கலுக்குள் கோடு மறைந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் ஏறாத தீர்மானம் என்பதால்தானோ என்னவோ, சங்கத்தின் சரித்திரத்திலேயே யாரும் மீறாத தீர்மானமும் அதுதான். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் திரும்பவும் வெள்ளம் வந்தது, திரும்பவும் கோடு விழுந்தது, திரும்பவும் பச்சை அடித்தார்கள்.

உலகநாதனுக்குப் பொய் சொல்வதில் தொழில்முறைப் பயிற்சி உண்டு. முப்பத்து மூன்று வருடம் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் பதினைந்து பேர் வவ்வாலாகத் தொங்கும்போதும், "உள்ள போ, உள்ள போ, நடுவுல பந்தாடலாம், அவ்ளோ எடம் கீது!" என்று கூசாமல் கூவிய வாய். ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. அதனால் முஸ்தகீமின் டீக்கடையில், தெருக்காரர்கள் மட்டும் இருக்கிற நேரத்தில், அதே வெள்ளத்தை வேறு உயரத்துக்கு ஏற்றுவார். அங்கே தண்ணீர் ஃபேன் வரைக்கும் வரும். ஃபேன் இறக்கையில் ஒரு விரால் மீன் உட்கார்ந்து சுற்றும். நீந்தி வந்த சாரைப்பாம்பு ஒன்று, "ஆவடி டிப்போவுக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கும். முஸ்தகீம் சிரித்துச் சிரித்துப் பாலைப் பொங்கவிட்ட நாட்கள் உண்டு.

ஆக, உலகநாதனின் வெள்ளத்துக்கு இரண்டே உயரம். வெளியாளுக்குக் கணுக்கால், உள்ளாளுக்கு ஃபேன். நடுவில் உள்ள நிஜ உயரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

இந்த வருடம் அவர் வீட்டை விற்க முடிவு செய்திருந்தார். மகள் தேவிப்பிரியா கோயம்புத்தூரில் இருந்து தினமும் போன் செய்தாள். "இன்னொரு மழைக்கு நீங்க அங்க இருக்கக் கூடாது. அம்மாவக் கூட்டிகினு வந்துடுங்கப்பா." அவருக்கும் ஆசைதான். பழைய மழையாக இருந்தால் மூன்று மாதம் பெய்ய வேண்டியதை மூன்று மாதம் பெய்யும். இப்போது மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. அறுபத்தேழு வயதில் எத்தனை தடவைதான் ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றுவது?

வாங்க வந்தவன் வினோத். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை, திருமழிசையில் வாடகைக்கு இருக்கிறான். அவனோடு அவன் அம்மா கன்னியம்மாளும் வந்திருந்தாள். அந்த அம்மாள் ஹாலைப் பார்க்கவில்லை, பூஜை அலமாரியைப் பார்க்கவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கழிப்பறைக் கதவைத் திறந்தாள், எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்த் தாழ் போட்டாள், வெளியே வந்தாள்.

"தப்பா நெனைக்காதண்ணே. எனக்குச் சக்கரை. அரை மணிக்கொருவாட்டி போய்கினே இருக்கணும். ஊடு எப்டி இருந்தா இன்னா, இது நல்லா இருந்தாப் போதும். மழைல அடைச்சிக்காதே?"

"அடைக்கறதா!" என்றார் உலகநாதன். "இந்த டேங்க் கீதே, இதுல ஒரு யானைய உட்டாலும் சலாம் போட்டுட்டு வழியப் பாத்துகினு போய்டும்."

"தண்ணி வருமா சார்?" என்றான் வினோத்.

"ரோட்டுல கணுக்கால் அளவுக்கு வரும்..."

அவன் மூன்று முறை கேட்டான். அவர் மூன்று முறையும் அதையே சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் என்று பேச்சாயிற்று.

அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில்தான் லாவண்யா வந்தாள். முப்பது வயதுப் பெண். ஒரு அறக்கட்டளையில் கள அலுவலர். பருவநிலை மாறிப்போய் மழையும் வெயிலும் தாறுமாறாக அடிப்பதற்கு ஏற்ப, மக்கள் தாங்களே யோசித்துத் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சிறுமானியம் தருகிறார்களாம். பெரிய தொகை இல்லை. "ஆனா என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும் சார். நாங்க சொல்ல மாட்டோம்."

உலகநாதன் புல்லரித்துப் போனார். அரசியல் சாசனம் எழுதக் கூப்பிட்டது போல இருந்தது. ஒரே மூச்சில் மோட்டார் படகு, அபாயச் சங்கு, தெரு முனையில் கலங்கரை விளக்கம் என்று பட்டியல் போட்டார். லாவண்யா பொறுமையாக எழுதிக்கொண்டு, "பெண்கள்கிட்டயும் தனியா கேக்கணும் சார், அது விதி," என்றாள்.

ஜமீலாவின் தையல் கடையில் பெண்கள் கூடினார்கள். அரை மணி நேரத்தில் கலைந்தார்கள். ஒரே ஒரு கோரிக்கை.

"கக்கூஸா?" என்றார் உலகநாதன்.

"உயரத்துல கட்டின கழிப்பறை சார். ரெண்டு. வெள்ளம் வந்தா முழுகாத மாதிரி. பொதுவா," என்றாள் லாவண்யா.

"நான் கலங்கரை விளக்கம் கேட்டா இவளுங்க கக்கூஸ் கேக்குறாளுங்களே!" என்று ஜமீலாவைப் பார்த்து அங்கலாய்த்தார்.

ஜமீலா வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு மேல ஒரு லைட்டு போட்டுக்கோ அண்ணாத்தே. ரெண்டும் ஆச்சி."

எவ்வளவு உயரத்தில் கட்டுவது? அதற்காக லாவண்யா வீடு வீடாகப் போனாள். "போன வெள்ளத்துல தண்ணி எவ்ளோ வந்துச்சு?" இருபத்தாறு வாசல், இருபத்தாறு கையெழுத்து, ஒரே பதில். லாவண்யா வெளியாள் அல்லவா! எட்டு வருடப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கழிப்பறை வேண்டும் என்று கேட்ட பெண்களே, பக்கத்தில் புருஷன் நின்றதாலோ, மாடியில் வாடகைக்காரர் காது கொடுத்துக்கொண்டு இருந்ததாலோ, கணுக்கால் என்றார்கள். முதல் கையெழுத்து செயலாளருடையது.

அடுத்த வியாழக்கிழமை வரைபடம் வந்தது. பால் பூத் பக்கத்துக் காலி இடத்தில், கணுக்காலுக்குப் பாதுகாப்பாக இன்னும் ஒன்றேகால் அடி சேர்த்து, இரண்டடி உயர மேடை. அதன்மேல் அழகான இரண்டு கதவுகள்.

உலகநாதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ராஜம்மா அடுப்படியில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருமே இத! மழ வந்தா மொத மொத முழுகப் போறது இதான். அப்பறம் படகு கட்டிகினு போய்க் கக்கூஸ தேடணும். 'யாராச்சும் எங்க கக்கூஸப் பாத்தீங்களா'ன்னு!"

ராஜம்மா சிரிக்கவில்லை. "எவ்ளோ ஒசரம் போட்டுக்கிறாங்க?"

"ரெண்டடி."

"தண்ணி ஏழாவது படி வரைக்கும் வந்துச்சே."

அவர் வீட்டுக்கு வெளிப்பக்கமாகத்தான் மாடிப்படி. தெருவிலிருந்தே நேராக ஏறலாம். அதனால்தான் போன வெள்ளத்தின்போது தெருவே அவர் மாடியில் இருந்தது, நாற்பத்து மூன்று பேர், இரண்டு நாள்.

"ஏழா? நீ எப்ப போய்ப் படிய எண்ணிகினு இருந்த?"

"ஒம்போதாவது படியிலதான குந்திகினு இருந்தேன்."

"மாடியில இல்ல?"

"நீங்கள்ளாம் மாடியில. நான், ஜமீலா, எதிர் ஊட்டு அக்கா எல்லாம் படியில. பின்னாடி கக்கூஸ் கதவையே பாத்துகினு. எப்ப வடியும், எப்ப போவலாம்னு." அவள் நாரை முறத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். "ஆம்பளைங்க மாடி மூலைக்குப் போய் நின்னுட்டு வந்தீங்க. நாங்க எங்க போறது?"

"அப்ப இன்னா பண்ணீங்க?"

"தண்ணி குடிக்கல."

"ரெண்டு நாளா?"

"நாக்கு ஒட்டிக்கும்போது ஒரு மூடி."

உலகநாதனுக்குப் படகில் வந்த தண்ணீர் பாட்டில்கள் ஞாபகம் வந்தன. அவர்தான் பங்கு வைத்தார். ராஜம்மாவிடம் நீட்டியபோது, "எனக்கு வேணாம், புள்ளைங்களுக்குக் குடு," என்றாள். அதை அவர் டீக்கடையில் எத்தனை முறை சொல்லியிருப்பார்! "எம் பொண்டாட்டி கர்ணனுக்குக் கூடப் பொறந்தவ!" இருபது முறையாவது சொல்லியிருப்பார்.

"பொங்கலுக்கு அப்பறம் ஜொரம்னு ஆஸ்பத்திரில படுத்தேனே, அது வெறும் ஜொரம் இல்ல. மூத்திரத்துல கிருமி. 'தண்ணியே குடிக்க மாட்டியாம்மா'ன்னு டாக்டரம்மா கேட்டுது. நீ ஆப்பிள் வாங்கப் போயிருந்த."

"ஏம்மே சொல்லல?"

ராஜம்மா யோசித்தாள். குற்றம் சாட்டுகிற முகம் இல்லை. நிஜமாகவே காரணத்தைத் தேடுகிற முகம். "நீ கத சொல்லிகினு இருந்த. மீனு, பாம்பு, டிக்கெட்டுன்னு. அந்த ரெண்டு நாளும் புள்ளைங்க அழாம இருந்துச்சின்னா அது உன்னாலதான். அதுல போய் இத எப்டிச் சொல்றது?"

அவர் வெளியே வந்தார். மத்தியான வெயிலில் படி கொதித்தது. ஒன்பதாவது படியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து தெரு தெரியவில்லை, பக்கச்சுவர் மறைத்தது. பின்கட்டுக் கழிப்பறையின் தகரக் கதவு மட்டும்தான் தெரிந்தது. வேறு எதைப் பார்ப்பதற்கும் அங்கே வழியில்லை. மாடிக்கும் அந்தப் படிக்கும் எட்டே அடி தூரம். அவர் சொன்ன கதைகளும் மேலே எழுந்த சிரிப்பும் இங்கே நன்றாகக் கேட்டிருக்கும்.

பத்து நிமிடம் இருந்தார். அவர் வாய் பத்து நிமிடம் மூடியிருந்தது என்பதை ஆவடி வட்டாரத்தில் சத்தியம் செய்து சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

சாயந்திரம் முதல் வேலையாக அசோக்கிடம் போனார். அசோக் கட்டட மேஸ்திரி. சொந்தத்தில் நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். சங்கத்தில் பொருளாளர்.

"தீர்மானத்த ரத்து பண்ணிடலாம்டா. நிஜ ஒசரத்த எழுதிக் குடுத்துடலாம்."

"இன்னா அண்ணாத்தே, வெயில்ல சுத்திட்டியா?" என்றான் அசோக். "நாலு போர்ஷன்காரனும் கணுக்கால்னு நம்பித்தான் குந்திகினு கீறான். நிஜத்தச் சொன்னா நாளைக்கே சாவிய வெச்சிட்டுப் போய்டுவான். நீயாச்சும் கோயம்புத்தூரு போய்டுவ. நாங்க?"

"கக்கூஸ் முழுகிப் போய்டும்டா."

"முழுகட்டும். ஃப்ரீயா வர்றதுதான? நீதான அண்ணாத்தே சொல்லிக் குடுத்த? எங்களுக்கு இன்னா தெரியும்? பெயிண்ட்டு கூட நீதான வாங்கியாந்த?"

உலகநாதன் தெருவில் இறங்கி நடந்தார். லாவண்யாவுக்குப் போன் செய்து, தண்ணீர் நாலடிக்கு வந்தது என்று சொன்னார்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "சார், சர்வேல கணுக்கால்னு நீங்கதான் முதல் கையெழுத்து. டீக்கடையில ஃபேன் வரைக்கும்னு சொன்னீங்களாம், முஸ்தகீம் அண்ணன் சொன்னாரு. இப்ப நாலடின்றீங்க. நான் எதை எழுதறது?"

"இதான் நிஜம்மா."

"இருக்கலாம் சார். ஆனா ஒருத்தர் போன்ல சொன்னா மாத்த முடியாது. ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, இன்னொருத்தரும் ஒத்துக்கணும். செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போயிடணும். அதுக்கப்புறம் அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் இந்த மழைக்குப் பிறகு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. வினோத் டோக்கன் கொடுக்க வருகிற அதே ஞாயிற்றுக்கிழமை! உலகநாதன் ஒரு கணக்குப் போட்டார். கூட்டம் காலை பத்தரைக்கு. வினோத்தைச் சாயந்திரம் ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்றுக்கொன்று முட்டாது. கூட்டத்தில் நிஜம், வீட்டில் அட்வான்ஸ். ஒரே வண்டியில் இரண்டு பக்கமும் டிக்கெட் கிழித்துவிடலாம். ராஜம்மாவைக் கோயம்புத்தூரில் கொண்டுபோய் விட்டுவிட்டால் அவளுக்கு இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலையே கிடையாது. நல்ல கணக்குத்தான். போட்டு முடித்தபோது மனசு என்னவோ சில்லறை குறைந்த பையைப் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி ராகுகாலம் என்பதை அவர் மறந்துபோனார். கன்னியம்மாள் மறக்கவில்லை.

பந்தல் அவர் வீட்டு வாசலிலேயே போட்டிருந்தது. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, முக்கால்வாசி நிறைந்திருந்தது. லாவண்யா விண்ணப்பத்தை வாசித்துக்கொண்டிருக்கையில் வினோத்தின் பைக் வந்து நின்றது. பின்னால் கன்னியம்மாள், மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு.

"ராவு காலத்துல காசு குடுக்கக் கூடாதுண்ணே. அதான் இப்பவே வந்துட்டோம்," என்று இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ராஜம்மா பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "விசேஷமா?"

"வெள்ளத்தின் அதிகபட்ச உயரம்," என்று வாசித்தாள் லாவண்யா, "கணுக்கால் அளவு. இதுல யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" கேட்டுவிட்டு உலகநாதனைப் பார்த்தாள்.

அசோக்கும் பார்த்தான். உதட்டின் மேல் விரலை வைத்து மீசையைத் தடவுகிற மாதிரி ஒரு சைகை.

உலகநாதன் எழுந்தார். கன்னியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கணுக்கால்தான், அண்ணன் சொன்னது சரிதான் என்கிற ஆட்டம். இரண்டு வாரம் முன்னால் பின்கட்டுக் கதவை இழுத்து இழுத்துத் தாழ் பார்த்த கை, தட்டைப் பிடித்திருந்தது. ராஜம்மா மாதிரி இந்த அம்மாளால் இரண்டு நாள் அடக்க முடியாது. அரை மணிகூட முடியாது.

தொண்டையைச் செருமினார். கூட்டம் சிரிக்கத் தயாரானது.

"நாலடி," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. புரியவில்லை.

"தண்ணி நாலடி வந்துச்சி. கணுக்கால் இல்ல. ஃபேனும் இல்ல, மீனும் இல்ல. கணுக்கால்னு சொல்லச் சொன்னது நான். பெயிண்ட் அடிச்சது நான். அன்னிக்கு நம்ம ஊட்டுப் பொம்பளைங்க ரெண்டு நாளு தண்ணி குடிக்காம என் படியில குந்திகினு இருந்தாங்க. மேல குந்திகினு கத சொன்னதும் நான்தான்."

"அண்ணாத்தே!" என்றான் அசோக்.

"நாலடின்னா சரியா எவ்ளோ சார்?" என்றாள் லாவண்யா.

"ஏழாவது படி," என்றாள் ராஜம்மா, உட்கார்ந்தபடியே. "ஏழு முழுகிடிச்சி. எட்டாவது படி நனஞ்சி நனஞ்சி காஞ்சிது."

"எங்க ஊட்டுல தையல் மிஷின் முழுசா," என்றாள் ஜமீலா. "சக்கரம் இல்ல, தல வரைக்கும்."

எதிர் வீட்டு அக்கா ஜன்னல் அடிக்கம்பி என்றாள். அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இல்லையென்று சொல்லவும் யாரும் எழவில்லை. மாடி வாடகைக்காரர் ஒருவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பந்தல் துணியே சூடாகிவிட்டது.

வினோத் எழுந்து வந்து அவர் முன்னால் நின்றான். சத்தம் போடவில்லை. "மூணு தடவ கேட்டேன் சார்."

"ஆமாம்பா."

"இப்ப கீற ஊட்டுக்காரரும் கணுக்கால்னுதான் சொன்னாரு. அங்க முழங்கால். சரி, இங்கயாச்சும்னு..." அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "எங்கம்மாவ நீங்க பாத்தீங்கல்ல?"

பஸ்ஸில் 'உள்ள போ' என்று சொல்லி அவர் உள்ளே தள்ளிய பயணிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தது போல அவருக்கு இருந்தது.

லாவண்யா பேனாவால் வரைபடத்தில் கோடு அடித்தாள். "அப்ப பால் பூத் இடம் சரி வராது. நாலடிக்கு மேல தூண் எழுப்பிக் கட்ட நம்ம மானியம் பத்தாது. ஒரே வழி, யாராவது மொட்டைமாடிய குடுக்கணும். கழிப்பறை ரெண்டும் மேலயே, மூடின டேங்கும் மேலயே. தண்ணி வடிஞ்சதும் லாரி வந்து எடுத்துக்கும். ஆனா யார் வீட்டுக்குள்ளயும் நுழையாம, தெருவிலேர்ந்தே ஏறிப் போற படி இருக்கணும். பத்து வருஷத்துக்குப் பொதுவா விட்டுடறேன்னு எழுத்து வேணும். வித்தா, வாங்கறவரும் ஒத்துக்கணும்."

தெருவிலிருந்து நேராக ஏறுகிற படி அந்தத் தெருவில் ஒன்றுதான். எழுபது கண்கள் அதை நோக்கிப் போயின. பிறகு அவசரமாக வேறு எங்கோ போயின.

நிஜத்தைச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று உலகநாதன் நினைத்திருந்தார். அது கையோடு இன்னொன்றையும் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. மொட்டைமாடியில் ஊர்க் கக்கூஸ் இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்? கோயம்புத்தூருக்கு என்ன பதில்? ராஜம்மாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கன்னியம்மாள் எழுந்துகொண்டிருந்தாள்.

"எந்தப் படி அது? காட்டு," என்றாள் கன்னியம்மாள்.

"அம்மா, வா போலாம்," என்றான் வினோத்.

"இருடா. ஊடுதான் இல்லன்னு ஆச்சி. பாக்கறதுல இன்னா?"

ராஜம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் கன்னியம்மாள் நின்று மூச்சு வாங்கினாள், சத்தமாக எண்ணினாள். ஏழு என்றதும் நின்று திரும்பினாள். பக்கச்சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கீழே பந்தலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தக் காலு வரைக்குமா?" என்று ராஜம்மாவைக் கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"அடியாத்தா," என்றாள் கன்னியம்மாள். "நாக்காலில குந்திகினு கீற அத்தினி பேரும் முழுகிட்டீங்களே!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியில் இருந்தவர்கள் பக்கச்சுவரில் அவளுடைய பாதம் இருக்கும் உயரத்தைப் பார்த்தார்கள். அந்த உயரத்திலிருந்து மனசுக்குள் ஒரு கோட்டைப் பந்தலுக்குக் குறுக்கே இழுத்துப் பார்த்தார்கள். அந்தக் கோடு ஜமீலாவின் நெற்றிக்கு மேலே போயிற்று. அசோக்கின் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. முன்வரிசையில் இருந்த குழந்தைகள் அதற்கு வெகு கீழே, முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு வெள்ளத்தையும் நேரில் பார்த்த தெரு அது. ஆனால் வெள்ளம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் முதல் தடவையாக அதன் உயரத்தைப் பார்த்தது.

உலகநாதன் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். கோடு அவர் மார்பில் இருந்தது.

ராஜம்மா மேலேயிருந்து இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "இன்னாய்யா முழிக்கிற? தேவி கிட்ட நான் பேசிக்கிறேன்."

"மழ வந்தா?"

"வந்தா ஏறிக்கறது. அதுக்குத்தான கட்டறாங்க?"

அவர் லாவண்யாவிடமிருந்து பேனாவை வாங்கினார். பத்து வருடம் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். வினோத் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். தட்டில் வெற்றிலை வாடியிருந்தது. போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கன்னியம்மாள் மட்டும் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனிமேல் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் கக்கூஸுக்கு முன்னால் படியைத்தான் பார்க்கப் போவதாக மகனிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

"சார், இந்த இடத்துல உயரம் எழுதணும்," என்றாள் லாவண்யா. "சுமாரா நாலடின்னு போட்டுக்கவா?"

"சுமார்ன்றது வேணாம்மா. அளந்துடலாம்."

அளப்பதற்கு டேப் இல்லை. ஜமீலாவின் தையல் டேப் கிழிந்து பாதிதான் இருந்தது. அசோக் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு முணுமுணுத்துக்கொண்டே எழுந்தான். பைக் பெட்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வந்தான்.

"நான் கையெழுத்து போட மாட்டேன் அண்ணாத்தே. சொல்லிட்டேன். என் போர்ஷன் காலியாச்சின்னா உன் கக்கூஸுக்குத்தான் வாடகைக்கு ஆளு புடிப்பேன்."

"போடாத. கீழ் முனைய மட்டும் புடி."

அசோக் தரையில் குந்தி முனையை அழுத்திப் பிடித்தான். உலகநாதன் ஏழாவது படி வரைக்கும் டேப்பை இழுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து பார்த்தார். சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. டேப் வளைந்திருக்கிறதா என்று பார்த்து நேராக்கினார். மறுபடியும் குனிந்தார்.

"நாப்பத்தொம்போதரை இன்ச்சு."

"நாற்பத்தொன்பது," என்று எழுதினாள் லாவண்யா.

"அரையையும் எழுதும்மா," என்றார் உலகநாதன்.